சென்னை – துபாய்: போக 2.45, வர 5.25! எந்தக் கணக்கு சரி? (வேலூரிலிருந்து எப்போது கிளம்புவது?)

சத்துவாச்சாரி பொண்ணு | ஜனவரி 6, இரவு 9.12

எல்லோருக்கும் வணக்கம். அப்பா, அம்மா இருவரும் முதல்முறையாக விமானம் ஏறப் போகிறார்கள். அண்ணன் துபாயில் இருக்கிறான், அவன்தான் டிக்கெட் போட்டு அனுப்பினான். அப்பா ஜோலார்பேட்டையில் ரயில்வே கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். டிக்கெட்டைக் கையில் வாங்கியதும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

போகும்போது சென்னையில் 9.50க்குப் புறப்பாடு, துபாயில் 12.35க்கு வருகை. அதாவது 2 மணி 45 நிமிடம். திரும்பும்போது துபாயில் அதிகாலை 2.45, சென்னையில் காலை 8.10. அது 5 மணி 25 நிமிடம். "அப்புக்கும் டவுனுக்கும் இவ்வளவு வித்தியாசமா? வரும்போது லூப் லைனில் போட்டுவிடுவார்களா?" என்று கேட்கிறார். (லூப் லைன் என்றால் வேறு ரயிலுக்கு வழிவிட ஒதுங்கி நிற்கும் தண்டவாளம்.)

இரண்டு ஊர்க் கடிகாரத்துக்கும் ஒன்றரை மணி நேர வித்தியாசம் என்று நான் சொன்னேன். சரி என்று கழித்துக் கூட்டிப் பார்த்தார். அப்போதும் போக 4.15, வர 3.55. இருபது நிமிடம் உதைக்கிறது. அதற்கு என்னிடம் பதில் இல்லை.

தூரம் பார்க்கலாம் என்று இணையத்தில் தேடினால் ஒரு தளம் 2,930 என்கிறது, இன்னொன்று 1,820, மூன்றாவது 1,580. பயண நேரமும் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதை நம்புவது? வீட்டிலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்பினால் பதற்றம் இல்லாமல் போகலாம்? கிளம்புவது இந்த மாதம் 20ஆம் தேதிக்கு மேல் ஒரு திங்கட்கிழமை.

---

குடியாத்தத்தான் | ஜனவரி 6, இரவு 9.40

பெங்களூரிலிருந்து போட்டிருக்கலாமே. குடியாத்தத்திலிருந்து நாங்கள் எப்போதும் அப்படித்தான்.

---

ரன்வே 07 | ஜனவரி 6, இரவு 10.05

பெங்களூர்ப் பேச்சு அப்புறம். முதலில் அந்த மூன்று தூரம். சகோதரி, மூன்றும் ஒன்றுதான். 2,930 என்பது கிலோமீட்டர், 1,820 நாம் சொல்லும் தரை மைல், 1,580 கடல் மைல். கடல் மைல் ஒன்றுக்கு 1.852 கிலோமீட்டர். விமானிகளும் கப்பல்காரர்களும் அதில்தான் பேசுவார்கள். பல தளங்களில் அலகை ஓரமாகச் சின்ன எழுத்தில் போட்டுவிடுவதால் வரும் குழப்பம் இது.

அடுத்தது நேரம். வாலாஜாபேட்டைக்காரன் நான், மீனம்பாக்கத்தில் பதினொரு வருடம் தரைப்பணியில் இருந்தவன். டிக்கெட்டில் இருப்பது ஆகாயத்தில் இருக்கும் நேரம் இல்லை. விமானம் நிற்கும் இடத்தில் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை வைத்திருப்பார்கள். அதை எடுத்ததில் தொடங்கி, போய்ச் சேர்ந்த ஊரில் மறுபடி கட்டை வைக்கும் வரை உள்ள நேரம் அது. பிளாக் டைம் என்போம். பின்னால் தள்ளுவது, ஓடுதளத்துக்கு உருண்டு போவது, முன்னால் நாலு விமானம் நின்றால் காத்திருப்பது, இறங்கிய பிறகு வாசலுக்கு வருவது எல்லாம் அதற்குள் அடக்கம். தாமதம் என்று பேர் வராமல் இருக்கக் கொஞ்சம் கொழுப்பும் சேர்த்துத்தான் அட்டவணை போடுவார்கள்.

உங்கள் அப்பாவிடம் இப்படிச் சொல்லுங்கள்: பேசின் பிரிட்ஜ் தாண்டி சென்ட்ரலுக்குள் நுழைய ரயில் அட்டவணையில் தாராளமாக நேரம் விட்டிருப்பார்கள் அல்லவா, அதே கதைதான் இங்கேயும். கார்டு ஐயாவுக்கு உடனே புரிந்துவிடும்.

தூரக் கணக்குத் தளங்கள் இது எதையும் பார்ப்பதில்லை. நேர்க்கோட்டுத் தூரத்தை மணிக்கு 800, 850 என்று ஏதோ ஒரு வேகத்தால் வகுத்து, ஏறி இறங்க அரை மணி சேர்த்துப் போட்டுவிடும். காற்று என்ற ஒன்று இருப்பதே அவற்றுக்குத் தெரியாது.

---

சத்துவாச்சாரி பொண்ணு | ஜனவரி 6, இரவு 10.31

பேசின் பிரிட்ஜ் உதாரணத்தைச் சொன்னதும் அப்பா சிரித்துவிட்டார். "மேக்-அப் டைம்! அங்கேயும் அதே வேலைதானா?" என்றார். ஆனால் அந்த இருபது நிமிடத்தை விடவில்லை. காற்று என்றால் எந்தக் காற்று என்று கேட்கிறார்.

---

பழைய சர்வேயர் | ஜனவரி 7, காலை 5.48

அம்மா, நான் நில அளவைத் துறையில் இருந்தவன். வானிலை என் தொழில் இல்லை, ஆனாலும் இந்த விஷயத்தில் ஒரு பைத்தியம் உண்டு.

குளிர்காலத்தில் வட இந்தியாவுக்கு மேலே, விமானங்கள் பறக்கும் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஒரு காற்று ஆறு ஓடும். ஜெட் ஸ்ட்ரீம் என்பார்கள். அதன் நடுவில் மணிக்கு 150, 200 கிலோமீட்டர் சாதாரணம். சென்னையிலிருந்து துபாய் போகும் வழி வடமேற்காக ஏறி அந்த ஆற்றின் கரையைத் தொடும். போகும்போது எதிர்நீச்சல், வரும்போது வெள்ளத்தோடு மிதப்பு.

கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். விமானத்தின் வேகம் மணிக்கு 840 என்று வையுங்கள். வழி முழுக்கச் சராசரியாக 60 கிலோமீட்டர் எதிர்க்காற்று என்றால் தரையைப் பொறுத்து 780. அந்த வேகத்தில் 2,930 கிலோமீட்டர் போக 3 மணி 45 நிமிடம். வரும்போது அதே காற்று முதுகில் தள்ளினால் 900, 3 மணி 15 நிமிடம். அரை மணி வித்தியாசம் இங்கேயே வந்துவிட்டது. டிக்கெட்காரர்கள் வருடம் முழுவதையும் நினைத்து இருபதாகச் சமன் செய்திருக்கிறார்கள்.

தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் தென்னிந்தியாவுக்கு மேலே இது தலைகீழ். ஜூன் முதல் செப்டம்பர் வரை மிக உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்காக ஒரு ஜெட் ஓடும். 1950களில் அதைப் பற்றி எழுதி உலகத்துக்குத் தெரியவைத்தவர் நம் இந்திய வானிலைத் துறையின் கோட்டீஸ்வரம். பின்னாளில் அந்தத் துறைக்கே தலைவராக இருந்தவர். விமானங்கள் பறப்பது அதற்குக் கீழேதான், ஆனாலும் கொஞ்சம் ஒத்தாசை கிடைக்கும்.

தூரத்தைப் பற்றியும் ஒன்று சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. சுவரில் மாட்டும் படத்தில் ஸ்கேல் வைத்து அளக்காதீர்கள். பூமி உருண்டை. குழந்தைகள் படிக்கும் உருண்டை இருந்தால் இரண்டு ஊருக்கும் நடுவில் ஒரு நூலை இழுத்துப் பிடியுங்கள், அதுதான் குறுக்குவழி. சென்னையையும் நியூயார்க்கையும் அப்படிப் பிடித்துப் பாருங்கள். நூல் ஐரோப்பாவின் வட கோடி வழியாகப் போகும். படத்தில் நாம் நினைக்கிற வழியே இல்லை.

இந்த அளவை வேலைக்கு நம் பக்கத்தில் ஒரு பெருமை உண்டு. இந்தியாவையே முக்கோணம் முக்கோணமாக அளந்தார்களே, அதற்கு லாம்டன் என்ற ஆங்கிலேய அளவையாளர் முதல் அடிக்கோடு (மற்ற எல்லா அளவுக்கும் ஆதாரமான நேர்க்கோடு) போட்டது 1802இல், பரங்கிமலைப் பக்கத்தில். பெரும்பாக்கம் குன்று வரை ஏறக்குறைய ஏழரை மைல். நூறு அடிச் சங்கிலி, அப்படியென்றால் நானூறு தடவைக்குக் கிட்டத்தட்ட தூக்கி வைத்திருக்க வேண்டும். வெயிலில் சங்கிலி நீளும் என்று அதற்கும் திருத்தம் போட்டார்கள். இன்றைக்கு மீனம்பாக்கத்தில் விமானம் கிழக்கு நோக்கி ஏறினால் ஜன்னலில் தெரிகிறதே ஒரு மலை, அது அந்தப் பரங்கிமலைதான்.

---

குடியாத்தத்தான் | ஜனவரி 7, காலை 8.15

ஐயா, அருமை. ஆனால் கேள்வி வேலூரிலிருந்து எப்போது கிளம்புவது என்பது. 1802க்குப் போய்விட்டோம்.

---

பழைய சர்வேயர் | ஜனவரி 7, காலை 8.22

போனால் என்ன தம்பி, திரும்பி வந்துவிடலாம்.

---

பேர்ணாம்பட்டு டிரைவர் | ஜனவரி 7, மதியம் 1.50

அக்கா, ஏர்போர்ட் டிராப் நான் வாரத்துக்கு மூன்று நாலு போகிறேன். நெட்டில் வருகிற இரண்டேகால் மணி நேரத்தை நம்பாதீர்கள். நடு ராத்திரியில் போனால் அது சரி. திங்கட்கிழமை காலை என்றால் சரியே இல்லை. சனி, ஞாயிறு ஊருக்கு வந்த அத்தனை பேரும் அன்றைக்குத்தான் சென்னைக்குத் திரும்புவார்கள். ஸ்ரீபெரும்புதூரில் கம்பெனி பஸ்கள் வேறு வரிசை கட்டும்.

விமானம் 9.50 என்றால் மூன்று மணி நேரம் முன்னால், 6.50க்கு அங்கே நிற்க வேண்டும். சத்துவாச்சாரியில் 4 மணிக்கு வண்டி நகர்ந்துவிட வேண்டும். ஐந்து மணிக்குக் கிளம்பினால் காவேரிப்பாக்கம் வரை பறக்கலாம், அதற்கப்புறம் பிரேக்கில் கால் வைத்தபடிதான். நான் நசரத்பேட்டையில் வெளிவட்டச் சாலை பிடித்து வண்டலூர், தாம்பரம் வழியாக விடுவேன். சுற்றுதான், ஆனால் வண்டி நிற்காது. குன்றத்தூர், பல்லாவரம் வழி பார்க்கக் கிட்டத்தில் இருக்கும், மாட்டினால் முடிந்தது.

போன வருடம் ஒரு குடும்பம், "விமானமே நாலு மணி நேரம்தான், இவர் என்ன ஆறு மணி நேரம் முன்னாடி கிளம்பச் சொல்கிறார்" என்று என்னிடம் சண்டை. அவர்கள் சொன்ன நேரத்துக்கே எடுத்தேன். பூந்தமல்லி பக்கத்தில் ஒரு கல்யாண ஊர்வலம், அப்புறம் ஒரு லாரி. கவுன்டர் மூடிப் பத்து நிமிடம் கழித்துப் போய் நின்றார்கள். விமானம் கண்ணெதிரே நிற்கிறது, ஏற்ற மாட்டேன் என்றுவிட்டார்கள். அந்த அம்மா அழுத அழுகை இன்னும் காதில் இருக்கிறது. திரும்பி வரும் வழி முழுக்க வண்டியில் ஒருத்தரும் பேசவில்லை.

---

ரன்வே 07 | ஜனவரி 7, மதியம் 2.20

டிரைவர் தம்பி சொல்வது நூற்றுக்கு நூறு. புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே கவுன்டர் மூடிவிடும், சில நிறுவனங்கள் அதற்கும் முன்பே. அந்தப் பக்கம் நின்று "முடியாது" என்று சொல்கிற வேலையை நானும் செய்திருக்கிறேன். திட்டு வாங்காத நாள் கிடையாது.

---

குடியாத்தத்தான் | ஜனவரி 7, மாலை 6.03

அதனால்தான் பெங்களூர் என்றேன். சித்தூர், பலமநேர், கோலார் வழியாக ஹொஸ்கோட்டை, அங்கிருந்து விமான நிலையம் இருக்கும் தேவனஹள்ளி. ஊருக்குள் போகவே வேண்டாம்.

---

ரன்வே 07 | ஜனவரி 7, மாலை 6.40

தம்பி, உங்களுக்குக் குடியாத்தம், அதனால் பாதித் தூரம் மேற்கே வந்தாயிற்று. சத்துவாச்சாரிக்கு அது பொருந்தாது. காகம் பறக்கும் கணக்கில் வேலூரிலிருந்து மீனம்பாக்கம் 113 கிலோமீட்டர், தேவனஹள்ளி ஏறக்குறைய 157. சாலையில் மீனம்பாக்கம் 130 என்றால் தேவனஹள்ளி 200ஐத் தாண்டும்.

இன்னொரு வேடிக்கை. இந்த இரண்டு விமான நிலையங்களுக்கும் நடுவில் 270 கிலோமீட்டர்கூட இல்லை. நேர்க்கோடு போட்டால் அது காட்பாடிக்குச் சற்று வடக்கே நம் தலைக்கு மேலேயே போகிறது. டிக்கெட்டில் ஒரு மணி நேரம் போட்டிருப்பார்கள், ஆகாயத்தில் இருப்பது முக்கால் மணிக்கும் குறைவு. ஏறி முடிப்பதற்குள் இறங்க ஆரம்பிப்பார்கள், தண்ணீர் கொடுக்கும் பெண்கள் ஓட்டமாய் ஓடுவார்கள். நாம் கீழே வாலாஜா டோலில் வரிசையில் நிற்போம்.

---

காந்தி ரோடு லாட்ஜ் | ஜனவரி 7, இரவு 11.30

இரவு டெஸ்கில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறேன். சிஎம்சி மருத்துவமனைக்கு வரும் கொல்கத்தாக்காரர்களிடம் இந்தக் கணக்கை நான் தினமும் கேட்கிறேன். கொல்கத்தாவிலிருந்து சென்னைக்கு விமானத் தூரம் 1,385 கிலோமீட்டர், இரண்டேகால், இரண்டரை மணி நேரம். ரயிலில் ஹவுராவிலிருந்து காட்பாடிக்கு 27, 28 மணி நேரம். பார்த்தால் ரயிலே வேண்டாம் என்றுதான் தோன்றும்.

ஆனால் விமானத்தில் வந்தவர் என் லாட்ஜ் வாசலில் இறங்கும்போது கேட்டுப் பாருங்கள். வீட்டிலிருந்து டம்டம் விமான நிலையம் வர இரண்டு மணி, அங்கே காத்திருப்பு இரண்டு மணி, விமானம் இரண்டரை, பெட்டி வர அரை மணி, அப்புறம் வேலூர் வர மூன்று மணி. பத்து மணி நேரம். நோயாளி இதில் பாதி நேரம் நாற்காலியில் மடங்கி உட்கார்ந்திருக்கிறார். முதுகுத்தண்டு அறுவை சிகிச்சை முடிந்து திரும்புகிற சிலர், ரயிலில் படுத்துக்கொண்டு போவதே தேவலை என்று கீழ்ப் படுக்கை தேடி அலைவதைப் பார்த்திருக்கிறேன். அது தனி நபர் நிலையைப் பொறுத்தது, டாக்டரைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

இங்கே வேலூர் அப்துல்லாபுரம் விமான நிலையம் எப்போது திறக்கும் என்று அவர்கள் வங்காளத்தில் கேட்பார்கள். நான் இந்தியில் மேலே கையைக் காட்டுவேன்.

---

ஆம்பூர் பாய் | ஜனவரி 8, காலை 10.10

அப்துல்லாபுரம் உடான் என்ற சிற்றூர் விமான சேவைத் திட்டத்தில் இருக்கிறது, சின்ன விமானங்களுக்குத்தான். சென்னைக்கு வந்தால் ஆகாயத்தில் இருபது, இருபத்தைந்து நிமிடம் இருக்கும். ஆனால் ரன்வே 07 சொன்ன அந்தக் கட்டைக் கணக்குப்படி அதற்கும் முக்கால் மணி போடுவார்கள். சென்னைக்கு இரண்டாவது விமான நிலையமாகத் திட்டமிட்டிருக்கும் பரந்தூர் வந்தால் நமக்குப் பாதி வழியிலேயே விமான நிலையம். நமக்கு வசதிதான். ஆனால் அந்தப் பக்கத்து ஏகனாபுரத்து மக்கள் ஏரியும் வயலும் போகிறதே என்று நிற்கிறார்கள், அதையும் மறந்துவிட்டுப் பேச எனக்கு மனசு வரவில்லை.

நான் ஷூ கம்பெனி வேலையாக ஐரோப்பா போய் வருகிறவன். தூரத் தளம் ஒன்றைச் சொல்லும், விமானம் வேறு வழியில் போகும். 2019 பிப்ரவரியிலிருந்து ஜூலை வரை பாகிஸ்தான் வான்வெளியை மூடியிருந்தார்கள். டில்லியிலிருந்து ஐரோப்பா போகிறவர்கள் சுற்றிக்கொண்டு போனார்கள். 2025 ஏப்ரலில் இந்திய விமானங்களுக்கு மறுபடி மூடினார்கள். சென்னை–துபாய் வழி பெரும்பாலும் அரபிக்கடல் மேலே என்பதால் நமக்கு அந்தப் பாதிப்பு குறைவு.

சிங்கப்பூரும் சென்னையிலிருந்து ஏறக்குறைய அதே 2,900 கிலோமீட்டர்தான், திசை மட்டும் எதிர். அங்கே கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி முன்னால். அதனால் டிக்கெட்டைப் பார்த்தால் போக ஆறே முக்கால் மணி, வர ஒன்றே முக்கால் மணி! கார்டு ஐயாவிடம் அதைக் காட்டிவிடாதீர்கள்.

---

சத்துவாச்சாரி பொண்ணு | ஜனவரி 8, இரவு 8.45

காட்டிவிட்டேன் பாய். ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துக்கொண்டார். எல்லோருக்கும் நன்றி. 4 மணிக்குக் கிளம்புகிறார்கள். அம்மாவின் ஒரே கவலை, புளிக்காய்ச்சல் பாட்டிலைக் கைப்பையில் வைக்கக் கூடாதாமே என்பது.

---

ரன்வே 07 | ஜனவரி 8, இரவு 8.58

பெரிய பெட்டியில் வைத்து, மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, இரண்டு பிளாஸ்டிக் பையில் போடுங்கள். கைப்பையில் 100 மில்லிக்கு மேல் திரவம் விட மாட்டார்கள்.

---

சத்துவாச்சாரி பொண்ணு | பிப்ரவரி 24, மாலை 5.20

பெரியவர்கள் இருவரும் நல்லபடியாகத் திரும்பிவிட்டார்கள். இழையில் பதில் சொன்னவர்களுக்குக் கொடுக்கச் சொல்லி அப்பா நோட்டைக் கொடுத்தார். அப்படியே எழுதுகிறேன். எல்லாம் இந்திய நேரம், துபாயில்கூடக் கைக்கடிகாரத்தை அவர் மாற்றவில்லை.

போகும்போது: வீட்டில் வண்டி நகர்ந்தது 4.03. விமான நிலையம் 6.41. விமானம் அசைந்தது 10.04 (அட்டவணை 9.50). தரையை விட்டது 10.22, கிழக்கே ஏறி மலையைப் பார்த்துவிட்டுத் திரும்பியது. தரை தொட்டது 14.07. நின்றது 14.19. அண்ணன் வீட்டுக் கதவு 16.25.

ஆகாயத்தில் 3 மணி 45 நிமிடம். சர்வேயர் ஐயா சொன்ன அதே எண்! அப்பா அதற்கு மட்டும் சிவப்பு மையில் கோடு போட்டிருக்கிறார். பக்கத்தில் ஒரு குறிப்பு: "14 நிமிடம் தாமதம். காரணம் அறிவிக்கப்படவில்லை."

திரும்பும்போது ஆகாயத்தில் 3 மணி 22 நிமிடம். அட்டவணைக்கு ஒன்பது நிமிடம் முன்னதாகவே வந்து நின்றதாம். "ரைட் டைம்" என்று எழுதாமல் "பிஃபோர் டைம்" என்று எழுதியிருக்கிறார், இரண்டு தடவை.

அப்புறம் காவேரிப்பாக்கத்துக்கு முன்னால் ஒரு கன்டெய்னர் சாய்ந்து கிடந்திருக்கிறது. மீனம்பாக்கத்திலிருந்து சத்துவாச்சாரி 4 மணி 10 நிமிடம்.

---

பேர்ணாம்பட்டு டிரைவர் | பிப்ரவரி 24, மாலை 5.31

அக்கா, அன்றைக்கு வண்டி ஓட்டியது நான் இல்லை.

---

சத்துவாச்சாரி பொண்ணு | பிப்ரவரி 24, மாலை 5.34

தெரியும் தம்பி. அந்த டிரைவர் பெயரும் வண்டி எண்ணும் நோட்டில் இருக்கிறது. டீ குடிக்க நிறுத்திய பதினொரு நிமிடமும் இருக்கிறது.